ஸெப்பலினா, பர்ப்பிளா: பெயர் போட்டார்களா இல்லையா?

ஹாமண்ட் பித்தன்:
நேற்று ஏணிப்படி ரசிகர் இங்கே எழுதிவிட்டுப் போனது இது: "ஹார்ட் ராக் இசை என்றால் லெட் ஸெப்பலின் குழுதான். டீப் பர்ப்பிள் ஒரே ஒரு ரிஃப்பை வைத்து ஐம்பது வருடமாகப் பிழைப்பை ஓட்டுகிறது." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது.

சரி, அந்த ஒரு ரிஃப்பையே, ஸ்மோக் ஆன் தி வாட்டர் பாட்டில் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் மெட்டையே எடுத்துக்கொள்வோம். 1971 டிசம்பர் 4, சுவிட்சர்லாந்தின் மோன்த்ரோ நகரம். ஃபிராங்க் ஸாப்பா கச்சேரியில் எவனோ ஃபிளேர் துப்பாக்கியால் சுட, சூதாட்ட விடுதியே எரிந்து போனது. ஏரி மேல் புகை பரவியதைப் பர்ப்பிள்காரர்கள் கண்ணால் பார்த்தார்கள், பாட்டாக்கினார்கள். கிட்டார்காரர் பிளாக்மோர் அந்த ரிஃப்பைத் தந்தி மீட்டும் பிளெக்ட்ரம் துண்டு இல்லாமல் விரலால் இரண்டு தந்திகளைச் சேர்த்து இழுப்பார். அடியில் ஜான் லார்ட் தன் ஹாமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் விட்டு அதே ரிஃப்பை உறுமவிடுவார். சொந்தக் கதை, சொந்தச் சத்தம்.

உங்கள் ஸெப்பலினின் ஹோல் லாட்டா லவ் பாட்டு? வில்லி டிக்சன் எழுதி, மடி வாட்டர்ஸ் பாடிய பாட்டின் வரிகள். 1969 இசைத்தட்டில் டிக்சன் பெயர் இருந்ததா? 1985-இல் அவர் வழக்குப் போட்ட பிறகுதானே சமரசத்துக்கு வந்தார்கள்? பெயர் போட்டார்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

ஏணிப்படி ரசிகன்:
ஆரம்பித்துவிட்டீர்களா அண்ணே! ப்ளூஸ் என்பதே கைமாறிக் கைமாறி வளர்ந்த இசை. ஒருவர் வரியை இன்னொருவர் எடுத்துப் பாடுவது அங்கே பழக்கம். எடுத்ததை வைத்து என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

ஸெப்பலினின் வென் தி லெவி பிரேக்ஸ் பாட்டின் டிரம்ஸைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறீர்களா? ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் முன்கூடத்தில் டிரம்ஸ்காரர் போன்ஹாமின் டிரம்ஸை வைத்து, மாடிப்படி மேலே இரண்டு மைக்கைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தார்கள். அந்தக் கூடத்தின் எதிரொலிதான் அந்த அடிக்கு இவ்வளவு கனம் தந்தது. ஹிப்ஹாப்காரர்கள் இன்றும் அதை வெட்டி எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். அதுதான் வாரிசுச் சொத்து. அப்புறம், அந்தப் பாட்டில் மூலப் பாட்டின் ப்ளூஸ் கலைஞர் மெம்பிஸ் மின்னி பெயரைப் போட்டிருக்கிறார்கள். தெரியாவிட்டால் அட்டையைப் பாருங்கள்.

ஹாமண்ட் பித்தன்:
ஒன்றுக்குப் போட்டதைக் காட்டி மற்றதை மறைக்க வேண்டாம் தம்பி. டேஸ்ட் அண்ட் கன்ஃப்யூஸ்ட்? ஜேக் ஹோம்ஸ் 1967-இல் நியூயார்க்கில் யார்ட்பேர்ட்ஸ் குழுவுக்கு முன்னால் மேடையேறிப் பாடிய பாட்டு. அப்போது யார்ட்பேர்ட்ஸில் கிட்டார் வாசித்து, பிறகு ஸெப்பலினைத் தொடங்கியவர் யார்? ஜிம்மி பேஜ்! அந்தப் பாட்டு வந்த ஸெப்பலினின் 1969 ஆல்பத்தில் எழுதியவர் என்று யார் பெயர்? ஜிம்மி பேஜ்! ஹோம்ஸ் 2010-இல் வழக்குப் போட்ட பிறகுதான் அவர் பெயர் எட்டிப் பார்த்தது. மறுபடியும் கேட்கிறேன்: பெயர் போட்டார்களா இல்லையா?

வயலின்காரி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும் ஹாமண்ட் சார். 1970-இல் வந்த பர்ப்பிளின் சைல்ட் இன் டைம் உங்களுக்கு உயிர் என்று தெரியும். அதன் தொடக்க மெட்டு இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே குழுவின் பாம்பே காலிங். வயலினில் வேகமாகப் போவதை ஆர்கனில் மெதுவாக்கினார்கள், அவ்வளவுதான். இதை நான் சொல்லவில்லை, பர்ப்பிளின் பாடகர் இயன் கில்லனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பர்ப்பிளின் பிளாக் நைட் ரிஃப்பும் ரிக்கி நெல்சன் பாடிய சம்மர்டைம் பதிவிலிருந்து வந்ததுதான். இப்போது உங்கள் கேள்வியையே கேட்கிறேன். பெயர் போட்டார்களா இல்லையா?

ஏணிப்படி ரசிகன்:
வாங்க அக்கா! இதற்குப் பதில் வராது பாருங்கள்.

ஹாமண்ட் பித்தன்:
ஏன் வராது? அது பரிமாற்றம். பர்ப்பிளின் ரிங் தட் நெக்கை அந்த இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே குழுவினர் எடுத்து டான் அண்ட் டூயி என்று வேறு பெயரில் வாசித்தார்கள். கணக்கு நேராகிவிட்டது. இரண்டு பக்கமும் வழக்கு இல்லை, வக்கீல் இல்லை. டிக்சன் கதை அப்படியா? வயதான ப்ளூஸ் கலைஞர் நீதிமன்றம் ஏற வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் அம்மா.

வயலின்காரி:
நான் கேட்டது வழக்கைப் பற்றி இல்லை. பெயரைப் பற்றி.

இரும்பு மனிதன்:
இரண்டு பேரும் வீணாக அடித்துக்கொள்கிறீர்கள். 1970 பிப்ரவரியில் பிளாக் சாபத்தின் முதல் ஆல்பம் வந்ததுமே உங்கள் இரண்டு குழுவும் பழசாகிவிட்டன.

ஏணிப்படி ரசிகன்:
இவரை யார் கூப்பிட்டது?

ஹாமண்ட் பித்தன்:
இரும்பு, இதில் மட்டும் நானும் ஏணிப்படியும் ஒரே பக்கம். தனி இழை தொடங்கிக்கொள்ளுங்கள்.

ஏணிப்படி ரசிகன்:
ஒரே பக்கமெல்லாம் வேண்டாம். பேஜ் திருடர் என்றே வைத்துப் பேசுகிறீர்களே, ஸ்டெர்வே டு ஹெவன் பாட்டு திருட்டு என்று போட்ட வழக்கு என்ன ஆனது? 2016-இல் ஜூரி ஸெப்பலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2020-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. அதை ஏன் எழுதவில்லை?

இன்னொன்று. 1980-இல் போன்ஹாம் இறந்ததும் அவர் இல்லாமல் ஸெப்பலின் இல்லை என்று கடையை மூடினார்கள். அது மானம். உங்கள் குழுவில் எல்லா ஆல்பத்திலும் இருக்கும் ஒரே ஆள் டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ். மற்றவர்கள் பேருந்தில் ஏறி இறங்குவது போல வந்து போனார்கள்.

ஹாமண்ட் பித்தன்:
2024-இல்கூடப் புது ஆல்பம் போட்டார்கள் என்றால் அது குறையா? மேடைதான் அவர்கள் உயிர். 1972-இல் ஜப்பானில் பதிவான மேட் இன் ஜப்பான் ஆல்பத்துக்குப் பக்கத்தில் உங்கள் மேடிசன் ஸ்கொயர் கார்டன் பதிவை வைத்துக் கேளுங்கள், யார் வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று புரியும். ஸ்டெர்வேயைப் பற்றி நான் பேசவே இல்லை. நான் கேட்டது டிக்சன், ஹோம்ஸ். பெயர் போட்டார்களா இல்லையா?

ஏணிப்படி ரசிகன்:
மேட் இன் ஜப்பானைப் பற்றி நீங்கள் பேசக் கூடாது அண்ணே. போன மாதம் அது முழுக்க டோக்கியோவில் பதிவானது என்று அடித்துச் சொன்னவர் நீங்கள். பெரும்பகுதி ஒசாகா. டோக்கியோவிலிருந்து வந்தது தி மியூல், லேஸி ஆகிய இரண்டு பாட்டும்தான்.

ஹாமண்ட் பித்தன்:
முழுக்க என்று நான் எழுதவில்லை.

ஏணிப்படி ரசிகன்:
எழுதினீர்கள். அப்புறம் அழித்துவிட்டீர்கள்.

வயலின்காரி:
நானும் பார்த்தேன்.

ஹாமண்ட் பித்தன்:
ஒசாகாவோ டோக்கியோவோ, வாசித்தது பர்ப்பிள், பாட்டு பர்ப்பிளுடையது. பேச்சை மாற்ற வேண்டாம். ஹோல் லாட்டா லவ் இருக்கும் 1969 ஆல்பத்தின் அட்டையைப் படமெடுத்து இங்கே போடுங்கள். அதில் டிக்சன் பெயர் இருக்கிறதா என்று எல்லோரும் பார்க்கட்டும்.

வயலின்காரி:
கூடவே சைல்ட் இன் டைம் இருக்கும் ஆல்பத்தின் அட்டையையும் நீங்கள் போடுங்கள் சார்.

இரும்பு மனிதன்:
தனி இழை தொடங்கிவிட்டேன். அங்கே யாரும் வரவில்லை.