மறு: ‘உயர் வரையறை’ வேண்டாம், ‘புள்ளிவரிசை’ பற்றிய விளக்கம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘ஹை டெபினிஷன்’ தொலைக்காட்சியை ‘உயர் வரையறைத் தொலைக்காட்சி’ என்று எழுதுவதை நாம் கைவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஒரு சொல்லின் பொருளுக்கு எல்லை கட்டுவது வரையறை. படத்தில் ஓர் இலையின் விளிம்பும் அதன் பின்னுள்ள சுவரும் ஒன்றோடொன்று கலங்காமல் தனித்தனியே தெரிவதை ஆங்கிலத்தில் அதே சொல்லால் குறிக்கிறார்கள் என்பதற்காக, தமிழிலும் ஒரே சொல்லை இரண்டுக்கும் பொருத்துவது வாசகரைக் குழப்பும். ‘உயர்நுணுக்கத் தொலைக்காட்சி’ என்பதை முன்மொழிகிறேன்.

திரையில் அகலவாட்டில் எத்தனை புள்ளிகள், மேலிருந்து கீழாக எத்தனை வரிசைகள் என்பதைக் குறிக்கும் ‘ரெசல்யூஷன்’ என்னும் சொல்தான் இதைவிடச் சிக்கலானது. கடையில் நிற்பவரை உண்மையில் தடுமாற வைப்பதும் அதுவே. அதற்கு நான் பரிந்துரைத்த ‘புள்ளிவரிசை’யைக் குறித்து இரண்டு எதிர்வாதங்கள் வந்துள்ளன.

> பாடநூல்களில் ‘பிரிதிறன்’ என்ற சொல் ஏற்கெனவே இருக்கும்போது புதிய சொல் எதற்கு?

ஐயா, பிரிதிறன் நல்ல சொல். அதை இழக்கக் கூடாது என்பதற்காகவே வேறு சொல் கேட்கிறேன். அருகருகே உள்ள இரு புள்ளிகளை இரண்டாகப் பிரித்துக் காட்டும் ஆற்றலையே இயற்பியலில் அது குறிக்கிறது. அவ்வாற்றல் கண்ணுக்கும் வில்லைக்கும் உரியது. தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதோ ஆற்றலன்று, வெறும் எண்ணிக்கை. இந்த வேறுபாடு வாங்குபவரின் பணத்தோடு தொடர்புடையது. இயல்பான கண்ணின் பிரிதிறன் ஏறத்தாழ ஒரு பாகையில் 60-இல் ஒரு பங்கு. 43 அங்குலத் திரையில் அகலவாட்டில் 1920 புள்ளிகள் இருந்தால் ஒரு புள்ளியின் அகலம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால், ஐந்தரை அடிக்கு அப்பால் அமர்ந்திருப்பவருக்கு அந்தப் புள்ளிகள் தனித்தனியே தெரியா. கூடத்தில் எட்டடி தள்ளி அமர்ந்து பார்க்கும் குடும்பம், அதே அளவுள்ள திரையில் நான்கு மடங்கு புள்ளிகளுக்காகக் கூடுதல் விலை கொடுத்தாலும், அந்த மிகுதியைக் கண்ணால் பெற இயலாது. இரண்டையும் ‘பிரிதிறன்’ என்றே எழுதினால் இதை விளக்கும் வாக்கியத்தைத் தமிழில் அமைப்பதே கடினமாகிவிடும். ‘ரெசல்யூஷனு’க்குச் சிலர் வழங்கும் ‘தெளிவுத்திறன்’ என்பதை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம்: எண்ணிக்கை கூடினால் தெளிவும் கூடியே தீரும் என்ற உறுதிமொழியை அச்சொல் தானாகவே கொடுத்துவிடுகிறது.

> ‘புள்ளிவரிசை’ என்றால் ஒரே வரிசையில் அமைந்த புள்ளிகள் என்றல்லவா பொருள்படும்?

அம்மா, நீங்கள் சுட்டிய குறை உண்மையானது. புள்ளிகளின் வரிசை என்று விரித்தால் அப்படித்தான் பொருள் வரும். நான் அதை உம்மைத்தொகையாகக் கொள்கிறேன்: புள்ளியும் வரிசையும், தாய்தந்தை என்பது போல. இச்சொல் எனக்குத் தோன்றிய சூழலைச் சொன்னால் இது விளங்கும். அக்காவுக்குத் தொலைக்காட்சி வாங்கச் சென்றிருந்தபோது, 1080 என்றிருந்தது இப்போது 4000 ஆகிவிட்டது என்று விற்பனையாளர் விளக்கியதைக் கேட்டு, ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய நான்கு மடங்கு கூடிவிட்டதாக அக்கா எண்ணிக்கொண்டார். மார்கழிதோறும் ‘15 புள்ளி, 15 வரிசை’ என்று குறிப்பெழுதிக் கோலமிடுபவர் அவர். ஆகவே, பழைய பெட்டி 1920 புள்ளி, 1080 வரிசை. புதியது 3840 புள்ளி, 2160 வரிசை என்று எழுதிக் காட்டினேன். உடனே, “அப்படியானால் பக்கத்துக்கு இரண்டு மடங்குதானே?” என்று கேட்டார். 720, 1080 என்னும் பெயர்கள் வரிசைகளை எண்ணியவை. ‘4கே’ என்பதோ ஒரு வரிசையிலுள்ள புள்ளிகளை எண்ணி, 3840-ஐ நாலாயிரமாக முழுமையாக்கியது. எண்ணும் திசை நடுவழியில் மாறியதால் விளைந்த குழப்பம் இது. இரு எண்களையும் சேர்த்தே சொல்ல வைக்கும் சொல் நம்மிடம் இருந்தால் அதற்கு இடமே இல்லை.

திரையின் அளவை மட்டுமன்றி, அலைவரிசையில் வந்து சேரும் படத்தின் அளவையும் இதே சொல்லால் விளக்கலாம். உயர்நுணுக்கம் அல்லாத அலைவரிசை நம் நாட்டில் 576 வரிசைகளோடுதான் வீட்டுக்கு வருகிறது. 2160 வரிசைகள் கொண்ட திரை, இல்லாத வரிசைகளை அண்டைப் புள்ளிகளிலிருந்து கணித்து நிரப்பிக்கொள்கிறது. பழைய அலைவரிசைகளையே மிகுதியாகப் பார்ப்பவர் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது, அந்தக் கணிப்பு எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதைத்தான்; அத்தகைய அலைவரிசை ஒன்றையே அங்கே போட்டுக் காட்டச் சொல்வது நலம்.

1080-க்குப் பின்னால் வரும் ‘ஐ’, ‘பி’ என்னும் எழுத்துகளுக்கு ‘ஊடுவரி’, ‘நேர்வரி’ என்பன போதும் என நினைக்கிறேன். முதல் வகையில் ஒற்றைப்படை வரிசைகளும் இரட்டைப்படை வரிசைகளும் மாறி மாறி வருகின்றன; இரண்டாவதில் எல்லா வரிசைகளும் மேலிருந்து கீழாக ஒரே முறையில் வருகின்றன. நெசவில் ஊடும் பாவும் என்று வழங்குவதால் ‘ஊடு’ என்பது நமக்குப் புதிதன்று.

படத்தின் மிக இருண்ட பகுதிக்கும் மிக ஒளிர்ந்த பகுதிக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டிக் காட்டும் ‘எச்டிஆர்’ என்பதற்கு முன்வைக்கப்பட்ட ‘ஒளிவீச்சு’, ஒளியை வீசுதல் என்றும் பொருள்படுவதால் எனக்கு நிறைவளிக்கவில்லை. அதைத் தனி இழையில் பேசலாம்.

அச்சுத்துறையில் பணிபுரியும் நண்பர்களிடம் ஒரு கேள்வி. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளிகள் என்று கணக்கிடும் அளவை ‘புள்ளியடர்த்தி’ என்று தனியே பிரித்துவிட்டால், ‘புள்ளிவரிசை’யைத் திரைக்கும் படக்கோப்புக்கும் மட்டும் வைத்துக்கொள்வதில் உங்களுக்கு இடையூறு ஏதேனும் உண்டா?