விவாதம்: ஜாம்பவான் கோச்சுக்கு அடுத்து வருபவர் தோற்கத்தான் வேண்டுமா?

டஸ்கலூசா தம்பி:

அலபாமா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் கோச் நிக் சேபன் 2024 ஜனவரி 10 அன்று ஓய்வை அறிவித்தார். அலபாமாவுக்கு மட்டும் 6 தேசியப் பட்டங்கள் வாங்கித் தந்த மனிதர். இரண்டே நாளில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திலிருந்து கேலன் டிபோயரை அழைத்து வந்தார்கள். அவருடைய முதல் சீசன் 9 வெற்றி, 4 தோல்வி. வாண்டர்பில்ட்டிடம் 40-35 என்று தோற்ற அன்றே எங்கள் ஊரில் பலர் அவரை எழுதி முடித்துவிட்டார்கள்.

அவரைக் குறை சொல்ல இந்த இழையைத் தொடங்கவில்லை. கல்லூரி ஃபுட்பாலில் பழைய பேச்சு ஒன்று உண்டு: ஜாம்பவானுக்கு அடுத்த ஆளாகப் போகாதே, அந்த அடுத்த ஆளுக்கு அடுத்த ஆளாகப் போ. இது முழுக்க உண்மை என்பது என் கட்சி. எங்கள் ஊரிலேயே அத்தாட்சி இருக்கிறது. எங்கள் பழைய கோச் "பேர்" (Bear) பிரையன்ட் 25 சீசன், 6 பட்டம். 1982 டிசம்பர் 29இல் கடைசி ஆட்டம், அதற்கு 28 நாள் கழித்து இறந்தே போனார். அந்த இடத்துக்கு வந்தவர் ரே பெர்கின்ஸ். பிரையன்ட்டிடமே ஆடியவர், நியூயார்க் ஜயன்ட்ஸ் என்ற தொழில்முறை அணியின் கோச் வேலையை விட்டுவிட்டு வந்தவர். 1984இல் 5 வெற்றி, 6 தோல்வி. 1957க்குப் பிறகு அலபாமாவுக்கு அதுதான் முதல் தோல்வி சீசன். நான்கு ஆண்டில் கிளம்பிவிட்டார். வேறு யார் வந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

லிங்கன்வாசி:

தம்பி, "வேறு யார் வந்திருந்தாலும்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.

பாப் டெவேனி 1962இல் வந்தார். 1970, 1971 என்று அடுத்தடுத்து இரண்டு பட்டம். 1973இல் தன் உதவியாளர் டாம் ஆஸ்போர்னிடம் அணியை ஒப்படைத்தார். ஆஸ்போர்ன் முதல் ஐந்து ஆண்டும் ஒக்லஹோமாவிடம் தோற்றார். வரிசையாக ஐந்து. அந்தக் காலத்தில் நெப்ராஸ்கா ரசிகனுக்கு ஒக்லஹோமாதான் எல்லாம். மற்ற ஆட்டங்களை ஜெயித்தால் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். 1978இல்தான் 17-14 என்று வென்றார். அதற்கு அடுத்த வாரமே மிசௌரியிடம் தோற்று, அந்தச் சந்தோஷமும் போனது. அந்த சீசன் முடிந்ததும் கொலராடோ அவரைக் கூப்பிட்டது, அவரும் போவதா வேண்டாமா என்று யோசித்தார். நல்லவேளை, போகவில்லை.

அவருடைய முதல் தேசியப் பட்டம் 1994இல். வேலைக்கு வந்த 22ஆவது சீசன் அது! 25 சீசனில் 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். ஒரு சீசனில்கூட 9 வெற்றிக்குக் கீழே இறங்கவில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. டெவேனி கோச் வேலையை விட்டாரே தவிர ஊரை விட்டுப் போகவில்லை. அதலெடிக் டைரக்டராக, அதாவது விளையாட்டுத் துறைத் தலைவராக, ஆஸ்போர்னின் மேலதிகாரியாக இருந்தார். தான் கைகாட்டிய ஆளைத் தானே காப்பாற்றினார். பெர்கின்ஸுக்கு அப்படி யார் இருந்தார்? பிரையன்ட் போன பிறகு அதலெடிக் டைரக்டர் பதவியும் பெர்கின்ஸ் தலையிலேயே விழுந்தது. அவருக்கும் ரசிகர் கோபத்துக்கும் நடுவில் நிற்க ஆளே இல்லை.

டஸ்கலூசா தம்பி:

அண்ணா, ஆஸ்போர்ன் ஒரு விதிவிலக்கு. டெவேனி பெரிய கோச்தான், ஆனால் 11 சீசன். 25 சீசன் இருந்தவரின் நிழல் வேறு மாதிரி விழும்.

ஒக்லஹோமாவையே எடுத்துக்கொள்ளுங்கள். பட் வில்கின்சன் 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டம் ஜெயித்தார்; அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது. செனட் தேர்தலில் நிற்பதற்காக விலகினார். பல ஆண்டு அவருக்கு உதவியாளராக இருந்த கோமர் ஜோன்ஸ் வந்தார். வீரர்களைத் தெரியும், ஊரைத் தெரியும், எல்லாம் தெரியும். இரண்டு சீசன், 9 வெற்றி, 11 தோல்வி, 1 சமன். இரண்டாவது சீசனில் மூன்றே வெற்றி. நீங்கள் சொல்கிற "உள்ளேயிருந்து வளர்ந்த ஆள்" என்ற மருந்து அங்கே வேலை செய்யவில்லையே?

பெர்கின்ஸ் விஷயத்திலும் மேலதிகாரியை விட ஊர்தான் பிரச்சினை. பயிற்சி மைதானத்தில் பிரையன்ட் ஏறி நின்று பார்க்கும் கோபுரத்தை பெர்கின்ஸ் அகற்றினார். பந்தோடு ஓடுவதையே நம்பும் பிரையன்ட்டின் விஷ்போன் ஆட்ட முறையையும் கைவிட்டார். ஒரு கோச்சாக இரண்டும் அவருடைய உரிமை. ஆனால் துக்கத்தில் இருந்த ஊரில், கோபுரத்தை எடுத்தது சாமி சிலையை நகர்த்தியது மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கோபுரம் பிறகு திரும்ப நிறுத்தப்பட்டு இன்றும் நிற்கிறது. எடுத்தவர் பெயர்தான் கெட்டது.

லிங்கன்வாசி:

கோமர் ஜோன்ஸ் சரியான உதாரணம், அதை ஒத்துக்கொள்கிறேன். உள்ளேயிருந்து வந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை, காவல் வேண்டும் என்றுதான் சொன்னேன்.

ஆனால் உங்கள் பழமொழி உங்கள் ஊரிலேயே உடைகிறதே. பெர்கின்ஸுக்கு அடுத்தவர் பில் கரி. அதாவது "அடுத்த ஆளுக்கு அடுத்த ஆள்". மூன்று சீசனில் 26 வெற்றி, 10 தோல்வி. 1989இல் 10 ஆட்டம் ஜெயித்து மாநாட்டு (கான்ஃபரன்ஸ், அதாவது சில கல்லூரிகள் சேர்ந்த லீக்) பட்டத்திலும் பங்கு வாங்கினார். அப்படியும் பரம எதிரி ஆபர்னிடம் மூன்று முறை தோற்றதை ஊர் மன்னிக்கவில்லை. 1988இல் மிசிசிப்பியிடம் தோற்றதும் அவர் அலுவலக ஜன்னலில் செங்கல் வந்து விழுந்தது. கடைசியில் கென்டக்கிக்குப் போய்விட்டார். மூன்றாவது ஆளுக்கும் கிடைத்தது இதுதான்.

கொலம்பஸ் அக்கா:

இருவரும் வெற்றி தோல்வியை வைத்தே பேசுகிறீர்கள். எங்கள் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகக் கதையையும் கேளுங்கள்.

உட்டி ஹேய்ஸ் 28 சீசன் இருந்தார். 1978 கேட்டர் பவுல் (சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஒன்று) ஆட்டத்தில் எதிரணி வீரரைக் குத்தியதால் நீக்கப்பட்டார். அடுத்து எர்ல் ப்ரூஸ். முதல் ஆண்டு 11 ஆட்டமும் ஜெயித்து ரோஸ் பவுலுக்குப் போய் 17-16 என்று ஒரே புள்ளியில் பட்டத்தை இழந்தார். பிறகு 1980 முதல் 1985 வரை ஆறு சீசனும் 9 வெற்றி, 3 தோல்வி. வேறு பல்கலைக்கழகமாக இருந்தால் கொண்டாடியிருப்பார்கள். இங்கே அந்த 9-3 என்பதையே பட்டப்பெயராக்கி அவரைக் கிண்டல் செய்தார்கள்.

1987இல் அணி சறுக்கியது. பரம எதிரி மிச்சிகனுடன் ஆட்டத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது பல்கலைக்கழகத் தலைவர் அவரை நீக்கினார். அதலெடிக் டைரக்டர் ரிக் பே அதை எதிர்த்துத் தன் பதவியையே விட்டார். லிங்கன்வாசி சொல்கிற காவல் இங்கே இருந்தது; காவலர் வேலையை இழந்ததுதான் மிச்சம். சனிக்கிழமை வீரர்கள் நெற்றியில் எர்ல் என்று எழுதிய பட்டையைக் கட்டிக்கொண்டு ஆடி, மிச்சிகனை அவர்கள் மைதானத்திலேயே 23-20 என்று வென்றார்கள். அந்த ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது இப்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. ப்ரூஸ் மிச்சிகனுக்கு எதிராக 5-4. அவருக்கு அடுத்து வந்த ஜான் கூப்பர் 2-10-1. ப்ரூஸை அனுப்பி என்ன கிடைத்தது?

இன்னொன்று. எங்கள் இன்னொரு பெரிய கோச் அர்பன் மேயருக்கு அடுத்து வந்த ரயன் டே, 2021 முதல் 2024 வரை மிச்சிகனிடம் நான்கு முறை வரிசையாகத் தோற்றார். நான்காவதில் 13-10, அதுவும் சொந்த மைதானத்தில். அன்று இரவு அவரை அனுப்பச் சொல்லாத ஆள் எங்கள் தெருவில் இல்லை. பல்கலைக்கழகம் அசையவில்லை. இரண்டு மாதத்துக்குள் நோட்ர டேமை 34-23 என்று வீழ்த்தி தேசியப் பட்டம் வாங்கினார்.

மூன்றாம் டவுன்:

ஒரு சின்ன விஷயம். பெர்கின்ஸ் காலத்தையும் டிபோயர் காலத்தையும் ஒரே தராசில் வைக்க முடியாது. பெர்கின்ஸுக்கு பிரையன்ட் சேர்த்த வீரர்கள் அப்படியே இருந்தார்கள். அப்போது வேறு கல்லூரிக்கு மாறினால் ஓர் ஆண்டு உட்கார வேண்டும். சேபன் போன உடனே அலபாமா வீரர்களுக்கு, வேறு கல்லூரிக்கு மாறப் பெயர் பதியும் ட்ரான்ஸ்ஃபர் போர்ட்டல் 30 நாள் திறந்தது. கேலப் டவுன்ஸ் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார், ஐசையா பாண்ட் டெக்சஸுக்குப் போனார். டிபோயர் பெட்டியைப் பிரிப்பதற்குள் வீடு பாதி காலி.

லிங்கன்வாசி:

அக்கா சொன்ன ப்ரூஸ் கதைக்கு எங்கள் ஊரில் ஒரு ஜோடி இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆஸ்போர்னுக்கு அடுத்தவர் ஃப்ராங்க் சோலிச். டெவேனியிடம் ஆடியவர், ஆஸ்போர்னிடம் உதவியாளர். 1999இல் 12 வெற்றி, 1 தோல்வி, மாநாட்டுப் பட்டம். 2001 சீசனில் தேசியப் பட்ட ஆட்டம் வரை போனார். 2002இல் 7-7 என்று விழுந்தார், மறுக்கவில்லை. 2003இல் எழுந்து 9-3. கொலராடோவை வென்ற மறுநாளே புது அதலெடிக் டைரக்டர் ஸ்டீவ் பீடர்சன் அவரை நீக்கினார். அணி சராசரியாகிவிட விடமாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். ஆறு சீசனில் 58 வெற்றி, 19 தோல்வி எடுத்தவரைப் பற்றி! நான் அப்போது லிங்கனில் மாணவன். எங்கள் ஆய்வகத்தில் அன்று யாரும் சரியாக வேலை பார்க்கவில்லை.

அடுத்த சீசனே 5-6. 1961க்குப் பிறகு நெப்ராஸ்காவின் முதல் தோல்வி சீசன், 35 ஆண்டு விடாமல் பவுல் ஆட்டம் போன தொடரும் அறுந்தது. 2007இல் பீடர்சனையே நீக்கி, ஆஸ்போர்னை அந்த நாற்காலிக்குக் கூப்பிட்டார்கள். சோலிச் வாங்கிய 1999 மாநாட்டுப் பட்டம்தான் இன்றுவரை எங்களுக்குக் கடைசி. நிழல் இவரை வீழ்த்தவில்லை தம்பி. ஓர் அறையில் உட்கார்ந்து ஒருவர் எடுத்த முடிவு வீழ்த்தியது.

டஸ்கலூசா தம்பி:

சோலிச் 9-3 என்ற நிலையில், அதுவும் வென்ற மறுநாளே நீக்கப்பட்டார் என்பது எனக்குத் தெரியாது. அணி சரிந்த பிறகுதான் போனார் என்று நினைத்திருந்தேன். அந்த இடத்தில் அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். 9-3 எடுத்தவரை நீக்கும் துணிச்சல் எங்கிருந்து வருகிறது? வேறு கல்லூரியில் அந்தக் கணக்குக்குச் சம்பளத்தை ஏற்றுவார்கள். ஆஸ்போர்ன் பழக்கிவிட்ட கண்ணால் பார்த்ததால்தான் பீடர்சனுக்கு அது சராசரியாகத் தெரிந்தது. நீங்கள் சொல்கிற அந்த அறைக்குள்ளும் நிழல் விழுந்துதான் இருந்தது.

டிபோயர் விஷயத்தில் என் கணக்கை மாற்றிக்கொள்கிறேன். பெர்கின்ஸ் நான்கு சீசனில் போனார். ஆஸ்போர்னுக்கு ஆறாவது சீசனில்தான் ஒக்லஹோமா விழுந்தது. டிபோயருக்கு ஆறாவது சீசன் 2029. அதுவரை அவரை அனுப்பச் சொல்லி ஒரு வரி எழுத மாட்டேன்.