கோடையில் செட்டிநாட்டு ஊருணிக்கரை: பிள்ளைகளோடு பார்த்த உயிர்கள்

விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப்போகலாம் என்று ஏப்ரலிலேயே பேச்சு தொடங்கிவிடுகிறது. முதுமலை, டாப்சிலிப், தேக்கடி என்று ஆளுக்கொரு ஊர் சொல்வார்கள். நாங்கள் சில வருடங்களாகக் கோடையைக் காரைக்குடிப் பக்கம் என் அம்மா வீட்டில்தான் கழிக்கிறோம். மகனுக்குப் பத்து வயது, மகளுக்கு ஆறு. இங்கே யானை இல்லை, புலி இல்லை. ஆனால் இத்தனை உயிர்களை இவ்வளவு பக்கத்தில், ஒரு ரூபாய் கட்டணம் இல்லாமல் பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதுவும் மே மாத வெயிலில்.

காரணம் தண்ணீர்தான். செட்டிநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஊருணியும் கண்மாயும் வெட்டி வைத்தார்கள். மார்கழி, தை மாதங்களில் எங்கும் தண்ணீர் கிடக்கும், பறவைகளும் நாலாப் பக்கமும் சிதறிப் போயிருக்கும். சித்திரை பிறந்தால் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துவிடும். செம்புறாங்கல் படித்துறைக்குக் கீழே, ஊருணியின் நடுவில் மட்டும் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் நிற்கும். சுற்றுவட்டாரத்தில் உள்ள மயிலும் கீரியும் கொக்கும் குடிக்க அங்கேதான் வந்தாக வேண்டும். நாம் எதையும் தேடி அலைய வேண்டாம். கரையில் ஒரு வேப்பமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்தால் போதும். பிள்ளைகளுக்குக் கஷ்டமானதும் அதுதான், பேசாமல் உட்கார்வது! முதல் இரண்டு நாள் முடியாது. அப்புறம் அவர்களே நம்மைப் பேசாதே என்று அதட்டுவார்கள்.

விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் கிளம்பிவிடுவோம், எட்டரைக்குள் வீடு திரும்பிவிடுவோம். திரும்பவும் ஐந்து மணிக்கு மேல். நடுப்பகலில் யாரும் வாசல் தாண்டக் கூடாது என்பது ஆயா (பாட்டி) போட்ட சட்டம். அந்த நேரத்துக்கு வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், பல்லாங்குழி இருக்கிறது, நுங்கு இருக்கிறது.

இந்தக் கோடையில் எங்கள் நேரத்தை எல்லாம் எடுத்துக்கொண்டது ஓர் ஆள்காட்டிப் பறவை ஜோடி. ஊருணிக்குக் கீழ்ப்புறம் ஒரு சரளைப் பொட்டல். அந்தப் பக்கம் கால் வைத்ததுமே இரண்டும் தலைக்கு மேலே வந்து கத்த ஆரம்பித்துவிட்டன. மகள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, அது நம்மளைத் திட்டுது” என்றாள். ஆடு மேய்க்கிற ஐயா ஒருவர் தூரத்திலிருந்தே, “பார்த்துக் கால் வை ஆத்தா, முட்டை கிடக்கும்” என்று குரல் கொடுத்தார். அவர் காட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது. கூடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. தரையில் ஒரு சின்னக் குழிவு, சுற்றிலும் பொடிக்கல்லும் ஆட்டுப் புழுக்கையும். உள்ளே நான்கு முட்டைகள், கூர்முனை நடுவில் சேரும்படி கிடந்தன. மண் நிறம், மேலே கறுப்புத் தீற்றல். ஒரு நிமிஷம் வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் எது முட்டை எது கல் என்று மறுபடி தேட வேண்டியிருந்தது.

கிட்டே நின்றால் பறவை இறங்காது, வெயிலில் முட்டை காய்ந்துவிடும். அதனால் உடனே விலகி மரத்தடிக்குப் போய்விட்டோம். பைனாகுலர் வழியாகப் பார்த்ததை என் பிள்ளைகள் இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். வெயில் ஏறியதும் அடைகாத்த பறவை எழுந்து நேராகத் தண்ணீருக்குப் போனது. கால் அளவு தண்ணீரில் நின்று வயிற்றை முக்கி முக்கி எடுத்தது. சொட்டச் சொட்ட நடந்து வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. “குளிச்சிட்டு ஏன்ம்மா துவட்டாம வருது?” என்று கேட்டான் மகன். அடைகாப்பது என்றால் சூடு கொடுப்பது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம்? நிழலே இல்லாத பொட்டலில் கோடையில் அது தலைகீழ். நனைந்த வயிற்று இறகால் முட்டையைக் குளிர வைத்தால்தான் குஞ்சு பிழைக்கும். ஆணும் பெண்ணும் முறை மாற்றிக்கொண்டு இந்த வேலையைப் பார்த்தன. ஆட்டுக்கார ஐயாவும் அந்த நாட்களில் மந்தையைப் பொட்டலுக்குக் கிழக்கே சுற்றி ஓட்டிப் போனார். யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆள்காட்டி முட்டை பொரிக்க ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும். ஒரு காலையில் போய்ப் பார்த்தால் குழிவில் ஒன்றும் இல்லை. மகள் அழ ஆரம்பித்துவிட்டாள், பாம்பு தின்றுவிட்டது என்று. ஆனால் தாயும் தகப்பனும் முன்னைவிட ஆவேசமாகக் கத்தின. அது நல்ல அறிகுறி. இந்தக் குஞ்சுகள் பொரித்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து நடக்கும், பெற்றோர் எச்சரித்தால் இருந்த இடத்திலேயே தரையோடு படுத்துவிடும். மரத்தடியில் வெகுநேரம் காத்திருந்தோம். சத்தம் அடங்கியதும் ஒரு கல் எழுந்து ஓடியது. அப்புறம் இன்னொன்று. மகள் கைதட்டப் போனவள், தானே வாயைப் பொத்திக்கொண்டாள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தென்னையில் காகம் ஒரு குயில் குஞ்சுக்கு ஊட்டுவதைப் பார்த்தோம். அய்யனார் கோயில் காட்டில் பாலைப்பழமும் காரைப்பழமும் தின்று உதடெல்லாம் பிசுபிசுத்துப் போனது. அங்கே ஒரு மண் குதிரையின் பின்னாலிருந்து உடும்பு ஒன்று வந்து, எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. கோயில் காட்டில் ஒரு சுள்ளி கூட ஒடிக்கக் கூடாது என்று ஊரில் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாடு இருக்கிற ஊர்களில்தான் இதெல்லாம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போகலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மே மாதத்தில் வேண்டாம், ஏமாந்து திரும்புவீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் அங்கே பறவைக் கூட்டம். உங்கள் கோடை அனுபவங்களையும் எழுதுங்கள். வந்த பதில்கள் கீழே.

*

ஆச்சி, எனக்குச் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம். வேட்டங்குடி பற்றி நீங்கள் சொன்னது சரி. 1977-இல் சரணாலயமாக அறிவித்தார்கள். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி என்று மூன்று கண்மாய். நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் வந்து கூடு கட்டும். பறவைகள் மிரளும் என்று அந்த ஊர்க்காரர்கள் தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. என் பிள்ளைகளிடம் சொன்னேன், “அங்கே பிள்ளைகளுமா வெடிக்க மாட்டாங்க?” என்று நம்பாமல் கேட்டார்கள். பிள்ளைகளும்தான்.

நான் சொல்ல வந்தது பாம்பு. கோடை மழை ஒன்று பெய்த மறுநாள், எங்கள் தோட்டத்து வரப்பில் இரண்டு பாம்புகள் பின்னிக்கொண்டு பாதி உடம்பு உயரத்துக்கு எழுந்து நின்றன. ஆள் கூடிவிட்டது. சாரையும் நல்ல பாம்பும் பிணைகின்றன, மேலே வெள்ளை வேட்டி போட்டு எடுத்து வைத்தால் வீட்டுக்கு நல்லது என்று ஒருவர் வேட்டி எடுக்கவே ஓடினார். நான் என் பெண்ணை வரப்பு முனையில் நிறுத்தி, தலையை மட்டும் கவனி என்றேன். ஒன்று மற்றொன்றின் தலையை அமுக்கப் பார்க்கும், அது நழுவி மேலே வரும். “சண்டைப்பா இது!” என்றாள். ஆமாம், இரண்டுமே சாரை, இரண்டுமே ஆண். பெண்ணுக்காகப் பலம் பார்க்கின்றன. கடிக்காது, தள்ளிக் கீழே சாய்க்கப் பார்க்கும், அவ்வளவுதான். நல்ல பாம்புக்கும் சாரைக்கும் சம்பந்தமே கிடையாது. தோற்றது வேலிப்பக்கம் போனது. வேட்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாரைக்கு விஷம் இல்லை, வயல் எலியைத் தின்று நமக்குத்தான் உதவி செய்கிறது. யாரும் கம்பு எடுக்காமல் பார்த்துக்கொண்டோம்.

ஆனால் எந்தப் பாம்பு என்று தெரியாத இடத்தில் பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் நம் பக்கம் உண்டு. இருட்டினால் டார்ச், காலில் ஷூ. கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். காலை அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

*

எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில். பங்காளிகள் பலருக்கும் பொது, படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும்தான் திறப்போம். போன மே மாதம் திறந்தபோது மேல்மாடி அறையிலிருந்து ‘உஸ்ஸ்’ என்று விடாமல் சத்தம். பாம்பு என்று நினைத்துப் பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிட்டு நானும் தம்பியும் கதவு இடுக்கில் டார்ச் அடித்தோம். உத்தரத்தின் மேல் வெள்ளை வெளேரென்று மூன்று முகங்கள். கூகை என்கிற வெள்ளை முக ஆந்தையின் குஞ்சுகள்! பயந்தாலும் பசித்தாலும் இப்படித்தான் சீறுமாம்.

வந்திருந்த பெரியப்பா ஒருவர் கூகை வீட்டுக்கு ஆகாது, விரட்டிவிட வேண்டும் என்றார். அப்பத்தா ஒரே போடாகப் போட்டார்: “இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுல நெல் மூட்டையை எலி கடிக்கலைன்னா சும்மாவா? அது பாட்டுக்கு இருக்கட்டும்.” அதற்கு மேல் யாரும் பேசவில்லை. அந்த அறையைச் சாத்தியே வைத்துவிட்டோம்.

பிள்ளைகளுக்குக் கிடைத்த புதையல் வெளியே நடையில் கிடந்தது. கறுப்பாக, கட்டை விரல் மொத்தத்தில் உருண்டைகள். எச்சம் இல்லை. கூகை எலியை முழுசாக விழுங்கும். செரிக்காத முடியையும் எலும்பையும் உருண்டையாக வாய் வழியே கக்கிவிடும். கையுறை போட்டுக்கொண்டு ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்தோம். முடியெல்லாம் பிரிந்து ஒதுங்க, உள்ளே ஒரு குட்டி மண்டையோடு. முன்பல் இரண்டும் மஞ்சளாக, அப்படியே பத்திரமாக. தாடை, விலா, கால் எலும்பு என்று ஒவ்வொன்றாகக் கறுப்பு அட்டையில் ஒட்டி என் மகன் ஒரு முழு எலியையே அடுக்கிவிட்டான். இரண்டாவது உருண்டையில் இரண்டு மண்டையோடு இருந்தது. செல்போனை அன்று முழுக்க யாரும் தேடவில்லை. ஒன்று மட்டும்: முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவ வைத்துவிடுங்கள்.

*

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சின்ன அனுபவம். சூரைப் புதர் ஓரத்தில் என் தங்கை பையன் நட்சத்திர ஆமை ஒன்றைப் பார்த்தான். ஓட்டில் மஞ்சள் கோடுகள், தொட்டால் உள்ளே இழுத்துக்கொண்டது. வீட்டுக்கு எடுத்துப்போவோம் மாமா என்று ஒரே அடம். நட்சத்திர ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, வீட்டில் வைத்திருந்தால் சிறை என்று சொன்னேன். அதைவிட, அது புல்லும் உதிர்ந்த பழமும் தின்று வெயிலுக்கு ஏற்றபடி இடம் மாறி வாழ்கிற பிராணி, தொட்டியில் போட்டுக் கீரை கொடுத்தால் நோய் வந்து சாகும் என்று சொன்னதுதான் அவனுக்கு உறைத்தது. படம் வரைந்துகொள் என்றேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து வரைந்தான். அது தலையை நீட்டி ஒரு இலந்தைப் பழத்தை மெல்லும் வரைக்கும்.

ஒரு நாள் வெளியே போகலாம் என்றால் மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி பாருங்கள். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்த இடம், சுமார் 193 ஹெக்டேர். பாறை முகட்டில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு என்ற வேட்டைப் பறவைகள் உண்டு, சமணத் துறவிகளின் கல்படுகையும் பழைய கல்வெட்டும் இருக்கின்றன. ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். எட்டரைக்கெல்லாம் பாறை சுட ஆரம்பித்துவிடும், பிள்ளைகளைச் செருப்பில்லாமல் ஏற்றாதீர்கள், தண்ணீர் நிறையவே எடுத்துக்கொள்ளுங்கள்.