விட்னி பாடினது பிரியாவிடையா, வீம்பா?

உப்புவெளியான்:
நேற்று இஞ்ச ஒருத்தர் அமெரிக்கக் கன்ட்ரி (நாட்டுப்புறப் பாணி) பாடகி டொலி பார்ட்டனின்ட பாட்டு வெறும் தாலாட்டு, பிறகு அதைப் பாடின பொப் பாடகி விட்னி ஹூஸ்டன்தான் அதுக்கு உயிர் குடுத்தவ எண்டு எழுதியிருக்கிறார், வாசிச்சதில இருந்து எனக்கு விசர் பிடிச்சுக் கிடக்கு. "ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ" டொலி 1973இல எழுதினது, போர்ட்டர் வாகனரின்ட டிவி ஷோவை விட்டு வெளிக்கிடேக்க அந்தாளுக்குச் சொன்ன பிரியாவிடை. விட்டிட்டுப் போறவள் கத்துவாளே? விட்னியின்ட பாட்டில கடைசிப் பகுதிக்கு முன்னால டும் எண்டு ஒரு ட்ரம் அடி, அதோட பாட்டு செத்துப்போச்சு.

டச்பே தங்கச்சி:
அண்ணை, அந்த அடிக்கு முன்னால எல்லாம் அடங்கி நிக்குதே, அதைக் கேட்டனீங்களோ? தொடக்கத்தில வாத்தியமே இல்லை, தனிக் குரல், மூச்சு இழுக்கிறதும் கேக்கும். அவ்வளவு நேரம் அடக்கி வச்ச அழுகை உடையிற இடம்தான் அந்த அடி.

உப்புவெளியான்:
அழுகை உடைஞ்சா சுருதி ஏறுமோ பிள்ளை? உம்மை வாழ்க்கை நல்லா வச்சிருக்கட்டும் எண்டு வாழ்த்துற வரியளை டொலி பாடவேயில்லை, படலையடியில நிண்டு சொல்லுற மாதிரிக் கதைச்சே சொல்லுறா. அதுதான் பிரியாவிடை. அந்த அடி வீம்பு.

மூதூர் முகில்:
விட்னி பாடினது 1992இல வந்து அமெரிக்கப் பாட்டுப் பட்டியல் பில்போர்டில 14 கிழமை முதலிடம். அமெரிக்காக்காரனுக்குக் காது இல்லையாக்கும், உப்புவெளியில மட்டும்தான் இருக்கு.

உப்புவெளியான்:
டொலியும் இதே பாட்டோட கன்ட்ரி பட்டியலில 1974இலயும் 1982இலயும் முதலிடம். கணக்கை விடும், அந்த அடிக்குப் பதில் சொல்லும்.

மூதூர் முகில்:
ஜானகியா சித்ராவா எண்டு கதைச்ச நேரமும் நீர் ஒரு ஆலாபனையைப் பிடிச்சுத் தொங்கிக்கொண்டு எல்லாரையும் ஏசினனீர், மறக்கேல்ல.

உப்புவெளியான்:
அதில நான் சொன்னது சரி, இண்டைக்கும் சரி.

டச்பே தங்கச்சி:
எழுதின டொலியே விட்னி பாடினதை மெச்சினவ, உங்களுக்கு என்ன வருத்தம் அண்ணை?

உப்புவெளியான்:
அவ பெருந்தன்மையான மனுசி, மெச்சுவா. ஆனா பாடகர் எல்விஸ் அதைத் தான் பாட விரும்பிக் கேட்டு, அவரின்ட மேனேஜர் பாட்டில பாதி உரிமை வேணும் எண்டு நிண்ட நேரம் மாட்டன் எண்டவ. அந்தப் பாட்டில அவவுக்கு அவ்வளவு பிடிப்பு. இஞ்ச திருகோணமலையில எண்டா பிரியிற பாட்டைக் கலியாண வரவேற்புக்குப் போடுறாங்கள், அந்த அடி விழேக்க மாப்பிளை பொம்பிளையைத் தூக்குறான்.

மூதூர் முகில்:
ஓ, என்ர தம்பியின்ட கலியாணத்தைச் சொல்லுறீர். சாப்பிடேக்க வாய் திறக்கேல்லயே நீர்?

உப்புவெளியான்:
சாப்பாட்டை ஏன் இழுக்கிறீர்? அந்த அடிக்கு இன்னும் ஒருத்தரும் பதில் சொல்லேல்ல.

டச்பே தங்கச்சி:
நான் சொல்லிட்டன். நீங்கள் கேக்கேல்ல.