பாட்டாவின் அயனிக் கட்டிலை அறுக்காமல் சோபா ஆக்க முடியுமா?

தக்கலைக்காரி:
பாட்டா படுத்த அயனி மரக் கட்டில் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஆறடிக்கு மூன்றடி, கடைசல் கால், தலைமாட்டில் ஒரு தாமரை செதுக்கியிருக்கிறது. பிரம்புப் பின்னல் அறுந்துபோனதால் பல வருஷமாக மச்சில் சாத்தி வைத்திருந்தோம். மரத்தில் ஒரு குறையும் இல்லை. பிளைவுட் அடித்து மேலே ஆறு இஞ்சு ஃபோம் போட்டு ஹாலில் சோபாவாகப் போட ஆசை. வந்து பார்த்த ஆசாரி, அகலம் கூடுதல், குறுக்கே ஓரடி அறுத்தால்தான் சாய்ந்து உட்கார முடியும் என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. முழங்கால் வலி உள்ள அம்மாவுக்காகத்தான் இதைச் செய்வதே. சட்டத்தின் மேல்விளிம்பு தரையிலிருந்து 16 இஞ்சு. ரெக்சின் நல்லதா, துணியா?

தச்சன்மகன்:
அக்கா, தயவுசெய்து அறுக்க வேண்டாம். இந்த மாதிரிக் கட்டில்களில் ஆணி இருக்காது, சட்டத்தைக் காலுக்குள் துளையில் இறக்கி மரமுளை அடித்திருப்பார்கள், தலைமாட்டையும் கால்மாட்டையும் அறுத்துச் சிறிதாக்கினால் அந்தப் பிடிமானம் போய்விடும், தாமரையும் போய்விடும். அவை இரண்டும் அப்படியே சோபாவின் கைப்பிடியாகட்டும்.

அகலத்துக்கு வழி இருக்கிறது. பின்சட்டத்திலிருந்து 10 இஞ்சு உள்ளே தள்ளிச் சாய்மானச் சட்டம் ஒன்றை நிறுத்தி, அதில் 5 இஞ்சு முதுகு மெத்தை வைத்தால் உட்கார 21 இஞ்சு மிஞ்சும், அது தாராளம். பின்னால் கிடைக்கிற இடத்தில் பலகை போட்டுப் பேப்பர், கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். சாய்மானத்தைப் புதுப் பலகையில் மட்டும் போல்ட் போட்டு இறுக்குங்கள், பழைய மரத்தில் ஓட்டை வேண்டாம்.

உயரத்தில்தான் கவனம் வேண்டும். இருக்கிற 16-க்கு மேல் ஆறு இஞ்சு ஏற்றினால் 22 ஆகிவிடும், அம்மாவின் பாதம் தரையில் படாது. சட்டத்தின் உள்பக்கம் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்துப் பலகையை 14 இஞ்சில் நிறுத்துங்கள். நான்கு இஞ்சு மெத்தை போட்டால் பாதி சட்டத்துக்குள் இருக்கும், பாதி வெளியே நிற்கும், முன்னால் வழுக்கி வராது. உட்காரும்போது ஓர் இஞ்சு அமுங்கி 17-ல் வந்து நிற்கும். ரொம்பவும் இறக்கிவிட்டால் விளிம்பு தொடையில் அழுத்தும், பார்த்துக்கொள்ளுங்கள்.

குலசேகரம் வாசகன்:
முழு பிளைவுட் வேண்டவே வேண்டாம். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. ஃபோமுக்கு அடியில் காற்றுப் போகாவிட்டால் பூசணம் பிடித்து நாற்றம் வரும். இரண்டு இஞ்சு இடைவெளி விட்டுப் பட்டைப் பலகைகள் அடித்தால் போதும்.

பலகைக்கு ரப்பர் மரம் வாங்குவதாக இருந்தால் மருந்தேற்றியதா என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் தோட்டத்தில் வெட்டிய மரத்தை அப்படியே அறுத்து ஒரு பெஞ்சுக்குப் போட்டேன், ஆறே மாதத்தில் அடியில் மாவு மாதிரித் தூள் கொட்ட ஆரம்பித்தது. அந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு அதுதான் சாப்பாடு. பலகை முழுவதையும் கழற்றி எரிக்க வேண்டியதாயிற்று.

குளச்சல் மருமகள்:
துணிதான் அக்கா. எங்கள் வீட்டு ரெக்சின் மூன்றாம் வருஷமே தோல் உரிந்து, உட்கார்ந்து எழுந்தால் முதுகில் கறுப்புச் செதிலாக ஒட்டியது. கனமான பருத்தித் துணி எடுத்து, தைப்பதற்கு முன் ஒரு தடவை நனைத்துக் காயவையுங்கள், அப்புறம் சுருங்காது. ஜிப் வைத்தால் கழற்றித் துவைக்கலாம். ஆறடிக்கும் ஒரே மெத்தையாகத் தைத்தால் தூக்கி வெயிலில் போடவே முடியாது, மூன்றாகப் பிரியுங்கள்.

ஃபோம் உட்காரும் இடத்துக்கு 40 டென்சிட்டி, முதுகுக்கு 32 கேளுங்கள். மெத்துமெத்தென்று இருப்பதை வாங்கிவிடாதீர்கள், முழங்கால் வலிக்காரர்கள் அதில் புதைந்துபோய் எழவே சிரமப்படுவார்கள், என் மாமியார் பட்ட பாடு எனக்குத் தெரியும். உறையை ஃபோமைவிட அரை இஞ்சு குறைத்துத் தைத்தால் சுருக்கம் விழாமல் விறைப்பாக நிற்கும்.

தக்கலைக்காரி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அம்மாவை அடுக்களை ஸ்டூலில் உட்காரவைத்து அளந்தேன், முழங்கால் மடிப்பிலிருந்து தரைக்குப் பதினாறரை இஞ்சு. அப்படியானால் பலகையைப் பதின்மூன்றரையில் வைத்தால் சரியாக வரும், உட்கார்ந்து அமுங்கிய பிறகும் விளிம்புக்கு மேலே மெத்தை அரை இஞ்சு நிற்கும், இல்லையா தச்சன்மகன் அண்ணா?

தச்சன்மகன்:
சரியான கணக்கு. இருந்தாலும் முன்விளிம்பின் உள்முனையை உப்புத்தாள் போட்டு நன்றாக உருட்டிவிடுங்கள், கை வைத்துத் தடவினால் முனையே தெரியக்கூடாது.