எரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள்

சேலம் மாமாங்கம் பக்கம், வெள்ளைக்கல் (மேக்னசைட்) சோதிக்கும் லேபில் வேலை பார்க்கிறேன். கல்லில் சிலிக்கா எவ்வளவு என்று துல்லியமாகப் பார்க்க, கடைசியில் மிஞ்சும் பொடியைப் பிளாட்டினம் கிண்ணத்தில் போட்டு ஹைட்ரோஃப்ளோரிக் ஆசிட் விட்டுச் சூடாக்குவோம். சிலிக்கா ஆவியாகிவிடும், எவ்வளவு எடை குறைந்தது என்பதுதான் கணக்கு. கண்ணாடியையே அரிக்கும் என்பதால் இந்த ஆசிட் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் வரும்.

ஓமலூரிலிருந்து பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவன், ஒரு மதியம் மெல்லிய கையுறையோடு 40 சதவீத ஆசிட்டை எடுத்திருக்கிறான். விரல் நுனியில் கையுறை ஓட்டை. குழாயில் கையைக் காட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்துவிட்டான். சல்ஃப்யூரிக் பட்டிருந்தால் அப்போதே துள்ளியிருப்பான். இது வேறு ரகம். தோலைத் தாண்டி உள்ளே இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். இந்த அடர்த்தியில் வலி தெரியவே சில மணி நேரம் ஆகலாம்.

சாயங்காலம் பைக் சாவியைக்கூடத் திருப்ப முடியாமல் நின்றான். விரல் நுனி வெளுத்திருந்தது, நகத்தடியில் சாம்பல் நிறம். "மதியம் எரியவே இல்லைங்கண்ணா" என்றான். எங்கள் சீனியர் மேடத்துக்கு உடனே புரிந்துவிட்டது. தண்ணீரில் நன்றாகக் கழுவச் சொல்லி, தானும் கையுறை போட்டுக்கொண்டு, 2.5 சதவீத கால்சியம் குளுகோனேட் ஜெல்லை விரலில் விடாமல் தேய்த்தார். உடம்பின் கால்சியத்துக்குப் பதிலாக ஜெல்லில் உள்ள கால்சியத்தை ஆசிட் பிடித்துக்கொள்ளட்டும் என்றுதான். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஆசிட்டின் பாதுகாப்புத் தகவல் தாளை மறக்காமல் எடுத்துக்கொண்டார். அது பெரிய உதவி. வெறும் ஆசிட் காயம் என்று சொல்லியிருந்தால் மருந்து தடவி அனுப்பியிருப்பார்கள். தாளைப் பார்த்ததும் ரத்தத்தில் கால்சியம் பார்த்தார்கள், இ.சி.ஜி. எடுத்தார்கள். கால்சியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். நல்லவேளை, பாதிப்பு விரலோடு நின்றுவிட்டது. நகம் மட்டும் விழுந்து முளைத்தது.

இப்போது தடித்த நியோபிரீன் கையுறையை ஊதிப் பார்த்துத்தான் போடுகிறோம். இந்த ஆசிட்டைத் தனியாளாக யாரும் தொடுவதில்லை. ஆசிட் புகையை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹூட் பக்கத்திலேயே ஜெல் இருக்கிறது. காலாவதித் தேதியை மேடமே பார்க்கிறார். ஆசிட் எடுத்த அன்று வீட்டுக்கும் ஒரு டியூப் கொண்டுபோகச் சொல்கிறோம், ராத்திரியில் வலி கிளம்பினால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று.