மனிதத் தோலில் பச்சையம் இருந்தால் சோறு தேவைப்படுமா?

கரிசல்காட்டான்:
விருதுநகர் பக்கம் சோலார் பேனல் பொருத்தும் வேலை செய்கிறேன். பகல் முழுக்க மொட்டை மாடிதான். மதியம் தூக்குவாளியைத் திறக்கும்போதெல்லாம் ஒரு யோசனை வருகிறது. இத்தனை வெயில் என் முதுகில் விழுகிறதே, இலையைப் போலத் தோலிலும் பச்சையம் இருந்தால் இந்தச் சோறு வேண்டியிருக்குமா? விளையாட்டுக்குக் கேட்கவில்லை, கணக்காகத் தெரிய வேண்டும். பேனல் கணக்கு எனக்குத் தெரியும்: எங்கள் பக்கம் ஒரு சதுர மீட்டரில் நாளொன்றுக்குச் சராசரியாக 5 யூனிட் அளவுக்கு வெயில் விழும். உடம்புக் கணக்குத்தான் தெரியவில்லை.

இலைநரம்பு:
தம்பி, கல்லூரியில் பல வருடம் தாவரவியல் நடத்தியவன் நான். இந்தக் கேள்வியைக் கையில் எண்ணோடு யாரும் என்னிடம் கேட்டதில்லை. உங்கள் 5 யூனிட்டிலிருந்தே தொடங்குவோம்.

1 யூனிட் என்பது 860 கிலோகலோரி. அப்படியானால் சதுர மீட்டருக்கு 4300. வளர்ந்த ஆளின் மொத்தத் தோல் 1.7, 1.8 சதுர மீட்டர் இருக்கும். அத்தனையும் ஒரே நேரத்தில் வெயிலைப் பார்க்காது. சட்டையில்லாமல் மல்லாந்து படுத்தால் 0.8 தேறும். நின்றால் உச்சி வெயிலில் தலையும் தோளும்தான். சரி, படுத்தே இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க உங்கள் மேல் விழுவது சுமார் 3400 கிலோகலோரி. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2000, 2500தான். இதுவரை கணக்கு உங்கள் பக்கம் நிற்கிறது.

இலை அதில் எவ்வளவைச் சேமிக்கிறது என்று பார்த்தால்தான் சறுக்குகிறது. வயலில் நிற்கும் பயிர் பொதுவாக 1 சதவீதத்தை ஒட்டித்தான் தன் உடலாக மாற்றுகிறது. வெயிலில் பாதிக்கு மேல் பச்சையத்துக்குப் பயன்படாத அலைநீளம். மீதியிலும் சர்க்கரை செய்யும் வழியிலும், செடியின் சொந்தச் சுவாசத்திலும் நிறையப் போய்விடும். ஏட்டளவு உச்சமே நெல் வகைக்கு 4.6 சதவீதம், கரும்பு, சோளம் வகைக்கு 6. உங்கள் பேனல் 20 சதவீதத்தைத் தொடுகிறது என்பதற்காக இலையை மட்டமாக நினைக்காதீர்கள். பேனல் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளாது, தன் பழுதைத் தானே பார்த்துக்கொள்ளாது.

ஆக 1 சதவீதம் என்றால் 34 கிலோகலோரி: ஒரு சின்ன இட்லி. கரும்பின் உச்சம் கிடைத்தாலும் ஒரு கப் சோறுதான்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1 சதவீதத்தில் 2000 கிலோகலோரி வேண்டுமானால் 46 சதுர மீட்டர், அதாவது 500 சதுர அடித் தோல் வேண்டும். ஒரு படுக்கையறை வீட்டின் பரப்பு. அதைச் சுமந்துகொண்டு ஏணியில் ஏற முடியாது. உங்கள் தூக்குவாளிச் சோறு என்பது ஏதோ ஒரு வயல் நான்கு மாதம் அசையாமல் நின்று வாங்கிய வெயில். அந்த நிற்கும் வேலையை நமக்காக நெல் செய்கிறது.

இதற்கு முயன்று பார்த்த விலங்கும் உண்டு. அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் எலிசியா குளோரோடிகா என்றொரு கடல் நத்தை, ஓடு இல்லாதது. பாசியைத் தின்று, அதன் பசுங்கணிகங்களை, அதாவது செல்லுக்குள் பச்சையத்தை வைத்திருக்கும் நுண்ணுறுப்புகளை, செரிக்காமல் தன் செல்களிலேயே பல மாதம் வைத்துக்கொள்ளும். உடம்பு தட்டையாக, இலை வடிவில், பச்சையாக இருக்கும். ஆனால் இதன் உறவினங்கள் சிலவற்றை இருட்டில் வைத்தபோதும் அவை பட்டினியைத் தாங்கின. அதனால் அந்தப் பசுங்கணிகம் அவற்றுக்கு எவ்வளவு சோறு போடுகிறது என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. 2024இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிவப்புப் பாசியின் பசுங்கணிகங்களை வெள்ளெலிச் செல்களுக்குள் புகுத்தினார்கள். ஒளிச்சேர்க்கையின் முதல் படி 2 நாள் வரை நடந்தது. அதற்குமேல் நிலைக்காததில் வியப்பில்லை. பசுங்கணிகத்துக்கு வேண்டிய ஆயிரக்கணக்கான புரதங்களில் பெரும்பாலானவற்றுக்கான மரபணு அந்தப் பாசியின் உட்கருவில் இருக்கிறது, எலியிடம் இல்லை.

தேன்மொழி_செவிலி:
ஐயா வரவைச் சொல்லிவிட்டார், நான் செலவைச் சொல்கிறேன். கோடையில் வெயில் தாக்கி வருகிறவர்களைப் பார்க்கும் வேலை என்னுடையது.

உச்சி வெயில் சதுர மீட்டருக்கு 1000 வாட். படுத்திருப்பவர் மேல் 800 வாட். சும்மா இருக்கும்போது நம் உடம்பு உண்டாக்கும் வெப்பமே 80, 100 வாட்தான். வெயிலின் அந்த 800இல் 600 வாட்டை வியர்வையால் மட்டும் வெளியேற்ற வேண்டுமென்றால் மணிக்கு 900 மில்லி தண்ணீர் போகும், உப்பும் கூடப் போகும். ஒரு இட்லிக்காக நாள் முழுக்க இப்படிக் கிடந்தால் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, பேச்சுக் குழறிவிடும். இலை மெல்லியது, காற்றில் ஆறிவிடும். நம் உடம்பு அப்படி ஆறாது. நம் ஊர்த் தோலில் கருநிறம் தரும் மெலனினும் அதிகம். அதற்கு அடியில் பச்சையம் இருந்தால் அதற்கு வெளிச்சமே குறைவாகத்தான் போகும்.

அண்ணா, நீங்கள் மாடியில் வேலை பார்ப்பவர். 12 முதல் 3 மணி வரை முடிந்த அளவு நிழலில் இருங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் தண்ணீர் குடியுங்கள். உப்புப் போட்ட மோர் நல்லது.

கரிசல்காட்டான்:
சரி அக்கா, கட்டாயம். இன்னொன்று ஐயா. தோலில் இலைத்துளை கிடையாதே, கரியமில வாயு எங்கிருந்து வரும்? அப்புறம், வெளிவரும் ஆக்சிஜன் மூச்சுக்கு உதவுமா?

இலைநரம்பு:
துளை தேவைப்படாது. நம் ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றில் இருப்பதைப் போல நூறு மடங்குக்கும் மேல். தோலுக்கடியில் பச்சையம் இருந்தால் உள்ளிருந்தே எடுத்துக்கொள்ளும். இந்த ஒரு விஷயத்தில் நாம் செடியைவிட வசதியானவர்கள்.

ஆக்சிஜன் கணக்கு இட்லிக் கணக்கேதான். 1 லிட்டர் ஆக்சிஜனைச் செலவழித்தால் உடம்புக்குச் சுமார் 5 கிலோகலோரி கிடைக்கிறது; அப்படியானால் 34 கிலோகலோரி சேரும்போது வெளிவருவது 7 லிட்டர். சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு 250 மில்லி வேண்டும். ஒரு பகல் முழுக்கச் சேர்த்தது அரை மணி நேர மூச்சுக்கு வராது.

ஆனால் உடம்பு மிகச் சிறியதாக இருந்தால் இதே கணக்கு கூடிவரும். வட அமெரிக்காவின் புள்ளிச் சாலமாண்டர் குட்டையில் முட்டையிடும். அந்த முட்டைக்குள் பச்சைப்பாசி குடியேறி, கருவின் செல்களுக்குள்ளேயே சிறிது காலம் வாழும். முட்டையைச் சுற்றியிருக்கும் கெட்டியான கூழைத் தாண்டி ஆக்சிஜன் மெதுவாகத்தான் வரும். பகலில் அந்தக் குறையைப் பாசி ஈடுகட்டுகிறது, கருவின் கழிவிலிருந்து தனக்கு நைட்ரஜனை எடுத்துக்கொள்கிறது. முதுகெலும்புள்ள விலங்கின் செல்லுக்குள் பாசி வாழ்வது இங்கேதான் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.